ஓ'ரோர்க்கைத் தேடிப் போன கதையும் ஒரு நன்றியும்

ராச்செஸ்டர் நண்பர்களுக்கும், பெயர் கேட்க மறந்துபோன கெட்டிஸ்பர்க் பெரியவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் நான் வேலைக்குப் போகும் வழியில், ஜெனசீ ஆறு ஒன்டாரியோ ஏரியில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், 2004ல் திறந்த ஒரு தூக்குப் பாலம் இருக்கிறது. பாய்மரப் படகு வந்தால் தூக்கிவிடுவார்கள். காரை நிறுத்திக் காத்துக்கிடக்க வேண்டியதுதான். போன கோடையில் அப்படி நின்றபோது பலகையைப் படித்த மகள் கேட்டாள்: "யாருப்பா இந்தக் கர்னல் பேட்ரிக் ஓ'ரோர்க்?" இத்தனை வருஷமாக அவர் பெயர் போட்ட பாலத்தைக் கடக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

முதல் நன்றி நூலகத்து அம்மாவுக்கு. கேட்டதற்கு மேலேயே எடுத்து வைத்தார். அயர்லாந்தின் கேவன் மாவட்டத்தில் பிறந்து, சின்னப் பையனாகக் குடும்பத்தோடு இந்த ஊருக்கு வந்தவர் ஓ'ரோர்க். பளிங்குக்கல் செதுக்கும் வேலை பார்த்தவர். அப்புறம் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி. 1861 ஜூனில் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். அதே வகுப்பில் கடைசியாக வந்தவர்தான் ஊரெல்லாம் தெரிந்த குதிரைப்படைத் தளபதி கஸ்டர்! இதைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஓ'ரோர்க் போரிட்ட அமெரிக்க உள்நாட்டுப் போர்க்களமான கெட்டிஸ்பர்க் வரை வண்டியைக் கொடுத்து, கூடவே புளிசாதமும் கட்டிக்கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் அண்ணிக்கும் தனியாக என்ன சொல்ல? டேங்க்கை நிரப்பித் தராததற்கு மன்னிக்கவும்.

அந்தப் போர்க்களத்து லிட்டில் ரவுண்ட் டாப் குன்றை இரண்டு வருஷம் மூடிச் சீர்செய்து 2024 ஜூனில்தான் மறுபடி திறந்திருந்தார்கள். அங்கே நாங்கள் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, தானாக வந்து பேசினார் அந்தப் பெரியவர். 1863 ஜூலை 2, சாயங்காலம். எதிரிகளான தென்மாநிலங்களின் டெக்சாஸ், அலபாமா வீரர்கள் கீழிருந்து ஏறி வருகிறார்கள். குன்றின் வலப்பக்கம் சரியப் பார்க்கிறது. குன்றைக் காத்த வடமாநிலப் படையின் தலைமைப் பொறியாளர் வாரன், வெஸ்ட் பாயின்டில் ஓ'ரோர்க்குக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், கீழே குதிரையில் ஓடிப்போய் ஓ'ரோர்க்கின் 140வது நியூயார்க் ரெஜிமென்டை (படைப்பிரிவை) மேலே வரச் சொல்கிறார். உச்சியை எட்டியபோது பல துப்பாக்கிகளில் தோட்டாவே போடவில்லை. நின்று போட நேரமில்லை. ஓ'ரோர்க் குதிரையை விட்டுக் குதித்து, வாளை உருவிக்கொண்டு முன்னால் இறங்கி ஓடினார். பின்னால் அத்தனை பேரும். கழுத்தில் குண்டு பாய்ந்தது, அங்கேயே முடிந்துவிட்டார். ஆனால் வலப்பக்கம் நின்றது.

பெரியவர் இதைச் சொல்லும்போது தன் கழுத்தில் விரலை வைத்துக் காட்டினார். மகள் அதற்கப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

அங்கே ரெஜிமென்டின் நினைவுக்கல்லில் அவர் முகம் வெண்கலத்தில் இருக்கிறது. முகமெல்லாம் கறுத்துக் கிடக்க, மூக்கு மட்டும் தங்கம்போலப் பளபளக்கிறது. தொட்டால் அதிர்ஷ்டமாம், வருகிறவர்கள் தேய்த்துத் தேய்த்து அப்படி ஆகிவிட்டது. பளிங்கு செதுக்கியவர் என்ன நினைப்பாரோ! மகளுக்கு எட்டவில்லை, பெரியவர்தான் தூக்கிப் பிடித்தார்.

கடைசி நன்றி, ராச்செஸ்டரின் ஹோலி செபல்கர் கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் இருந்த பெண்மணிக்கு. ஓ'ரோர்க் அங்கேதான் இருக்கிறார். செல்போன் வரைபடம் எங்களை வேறு வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டது, மழை வேறு. வரிசையைக் கண்டுபிடிக்கக் கூடவே நடந்து வந்தார். மணமாகி ஓராண்டுகூட நிரம்பாத மனைவி கிளாரா பிறகு கன்னியாஸ்திரி ஆகிவிட்டதை அவர் வாயால்தான் கேட்டோம்.

அவர் கொடுத்த நீலக் குடை இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது அம்மா. சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறோம்.