குதிரைப் பராமரிப்பு வகுப்பு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பழைய சைக்கிள் ஷெட் இருந்த இடத்தில் லாயம் கட்டி இரண்டு குதிரைகள் கொண்டுவந்திருப்பதைப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒன்று ராணி என்ற பெண் குதிரை, மற்றது மட்டக்குதிரை. “சவாரி எப்போது ஆரம்பம்?” என்று கேட்டு ஆபீசுக்கு நிறைய போன் வருகிறது. இந்த வருடம் சவாரி கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் குதிரையைப் பராமரிக்கக் கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதற்கே ஒரு வருடம் போதாது.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை பார்த்து வளர்ந்தவர்கள் நாம். காது நுனி இரண்டும் தொட்டுக்கொள்ளும் மார்வாரிக் குதிரையை எத்தனை நேரம் நின்று பார்த்திருப்போம்! அதன் உடம்பு அப்படிப் பளபளக்க விடியற்காலையில் எழுந்து தேய்த்துவிட்ட ஆளைத் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு. பிள்ளைகள் இங்கே கற்கப்போவது அந்த ஆளின் வேலையை.

நான்கு பேர் ஒரு குழு, ஒரு குழுவுக்கு ஒரு வாரம். காலை 8 மணி முதல் 8.40 வரை. தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்ப வேண்டும், லத்தியை அள்ள வேண்டும், உடம்பைத் தேய்த்துவிட வேண்டும், குளம்பைச் சுத்தம் செய்ய வேண்டும். குளம்பின் அடியில் முக்கோணமாக மெத்தென்ற ஒரு பகுதி இருக்கும். அதன் இரண்டு பக்கப் பள்ளத்திலும் சின்னக் கல்லும் ஈர லத்தியும் அடைந்துகொள்ளும். எடுக்காமல் விட்டால் அழுகி நாற்றமடிக்கும், குதிரை நொண்டும். குளம்பைச் சீவுவதும் லாடம் கட்டுவதும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை அதற்கென்றே உள்ளவர் வந்து செய்வார். பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

இந்த வேலைகளில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கவனிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 45 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். நேற்று ஊற்றிய தண்ணீர் காலையில் அப்படியே இருந்தால் குதிரைக்கு ஏதோ சரியில்லை. லத்தி வழக்கத்தைவிடக் குறைந்திருந்தாலும் அப்படித்தான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. மாட்டைப் போல அசைபோடும் நான்கு அறை வயிறும் அதற்கு இல்லை, உடம்பைப் பார்க்க இரைப்பை சின்னது. அதனால் வயிற்றில் ஏதாவது அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கும், காலால் தரையைக் கீறும், படுத்துப் புரளும். இதை முதலில் கண்டு ஓடிவந்து சொல்ல வேண்டியவர் அன்று முறை உள்ள பிள்ளை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நோட்டு உண்டு. குடித்த தண்ணீர், தின்ற தீனி, லத்தி, நடை எல்லாவற்றையும் எழுதிக் குதிரைக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் திட்டு வாங்குவது அந்தப் பிள்ளைதான். இங்கே ஒருவர் மறந்தால் தாகத்தில் நிற்பது வாயில்லாத இன்னொரு உயிர். பன்னிரண்டு வயதில் இந்த வித்தியாசம் பிள்ளைக்கு நன்றாகவே புரியும். நாம்தான் புரிய விடுவதில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையால் வர முடியாவிட்டால் நீங்கள் போன் செய்து லீவு சொல்ல வேண்டாம். முந்தின நாளே அவர்கள் வேறொரு மாணவரிடம் பேசி முறையை மாற்றிக்கொண்டு, குதிரைக்காரரிடம் நேரில் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றால் வேறு விஷயம், அப்போது நீங்களே சொல்லுங்கள். யாருமே வராவிட்டாலும் குதிரை பட்டினி கிடக்காது, குதிரைக்காரர் பார்த்துக்கொள்வார். இதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

“எங்கள் பிள்ளை லத்தி அள்ளவா பள்ளிக்கூடம் வருகிறது?” என்று சிலர் கேட்டீர்கள். கோபம் எனக்குப் புரிகிறது. சுத்தம் செய்யும் வேலையை இன்ன வீட்டுப் பிள்ளைதான் செய்ய வேண்டும் என்று ஒதுக்கிய பள்ளிகள் நம் நாட்டில் உண்டு, அந்த வலி பொய்யில்லை. இங்கே முறை வருகைப் பதிவேட்டு வரிசைப்படி வரும். குழுவுக்குள்ளும் தினமும் வேலை மாறும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலை. வாரம் ஒரு நாள் ஆசிரியர்களுக்கும் முறை உண்டு, எனக்கும் சேர்த்துத்தான். இந்த விஷயத்தில் சிபாரிசு எடுபடாது.

மாடு வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் அன்போடு சோளத்தட்டும் மாட்டுத் தீவனமும் கொடுத்தனுப்புகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பச்சைச் சோளத்தட்டு குதிரையின் சிறுநீர்ப்பையையும் நரம்பையும் கெடுக்கக்கூடியது. கால்நடைத் தீவனத்தில் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அளவிலேயே குதிரையைக் கொன்றுவிடும். பூசணம் பிடித்த எதுவுமே ஆகாது. பூசணம் இல்லாத காய்ந்த புல், ஊறவைத்த கொள்ளு இருந்தால் கொடுங்கள், குதிரைக்காரரிடம் காட்டிவிட்டு. டிபன் பாக்ஸில் மிச்சமான இட்லியைக் குதிரைக்கு ஊட்டும் வேலையும் கூடாது.

அப்புறம், பாதுகாப்பு. குதிரைக்கு நேர் பின்னால் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. மிரண்டால் உதைக்கும். குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாகப் போக வேண்டும், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, காது பின்னால் மடிந்தால் விலகிவிட வேண்டும். முதல் வாரம் முழுக்க இந்தப் பயிற்சி மட்டும்தான். மூடிய ஷூ கட்டாயம், ஹெல்மெட் பள்ளி தரும். குதிரைக்காரர் இல்லாமல் யாரும் லாயத்துக்குள் போக முடியாது, சாவி அவரிடம் இருக்கும்.

டெட்டனஸ் கிருமி குதிரையின் குடலிலும் லாயத்து மண்ணிலும் இருக்கக்கூடியது. அரசுத் தடுப்பூசி அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசி போட வேண்டும். 10 வயது ஊசி விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். அட்டை நகல் இல்லாமல் யாரையும் குழுவில் சேர்க்க மாட்டோம். இரண்டு குதிரைகளுக்கும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டாயிற்று. குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனை முடிந்த பிறகுதான் வாங்கினோம்.

ஆஸ்துமா, தூசி ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு வேறு வேலை தருகிறோம். பயப்படும் பிள்ளையை யாரும் இழுத்துக்கொண்டு போக மாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று நோட்டு எழுதட்டும். தனிக் கட்டணம் எதுவும் இல்லை.

இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு, தடுப்பூசி அட்டை நகலுடன் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். காலை 8 மணிக்கு வர வேண்டியவர்கள் முதல் டிரிப் பஸ்ஸில் ஏறலாம், டிரைவரிடம் சொல்லியாயிற்று. லாயத்தைப் பார்க்க விரும்பும் பெற்றோர் சனிக்கிழமை காலையில் வாருங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்