கீழிருந்து வீசிய 28

திருச்சி,
ஞாயிறு காலை

அன்பு சேகர்,

உன் குரல் பதிவை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். பாசம் பொங்கி அல்ல, முதல் இரண்டு தடவை பாதி விளங்கவில்லை. காது விஷயத்தைப் பிறகு சொல்கிறேன். மூன்றாவது தடவை கமலா பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாக எடுத்துச் சொன்னாள். கடைசியில் பார்த்தால் நீ கேட்டிருப்பது இவ்வளவுதான்: “அமெரிக்கா பாஸ்கெட்பால்ல பாயின்ட் எடுத்தவங்கள்ல பெரிய ஆள் யாருடா? நீதான் கணக்கு வச்சிருப்பியே.” இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாளே ஒரு சிரிப்பு! பிரஷர் மாத்திரை, மூட்டுவலி பற்றிப் பேச வேண்டிய வயதில் இரண்டு கிழவர்களுக்கு இதுதான் கவலை.

உன் பேத்தி பள்ளி டீமில் சேர்ந்ததாகச் சொன்னதில் ரொம்ப சந்தோஷம். பூனாவில் நல்ல கோச் கிடைத்திருக்கிறாரே, விட்டுவிடாதே. அவளுக்கு நம்பர் 9 கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டுச் சொல்.

இனி உன் கேள்வி. நீ ஆடினாய், நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதினேன். ஐந்து வருஷம் நம் பள்ளிக்கு ஸ்கோர் ஷீட் எழுதியவன் நான். பாஸ்கெட் விழுந்தால் எண்ணின் மேல் சாய்வாக ஒரு கோடு. ஃப்ரீ த்ரோ, அதாவது எதிராளி ஃபவுல் செய்ததற்குக் கோட்டில் நின்று தடையில்லாமல் எறிகிற ஒரு பாயின்ட் ஷாட், விழுந்தால் கறுப்பாக ஒரு பொட்டு. உன் 9ஆம் நம்பருக்கு எதிரே கோடுகள் வேலி கட்டினமாதிரி நிற்கும். பொட்டைத் தேட வேண்டும். அப்போது நமக்குத் தூரத்து ஷாட்டுக்கு மூன்று பாயின்ட் தருகிற கோடுகூடக் கிடையாது, உலகச் சம்மேளனம் அதை 1984இல்தான் கொண்டுவந்தது. கோடும் பொட்டும் மட்டுமே என் உலகம். அதனால் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் என் கண் முதலில் போவது பொட்டுகளிடம்தான்.

ஒரே ஆட்டத்தில் நூறு பாயின்ட் எடுத்த வில்ட் சேம்பர்லினை எடுத்துக்கொள். 1962 மார்ச் 2, பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற ஊர். சாக்லேட் ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. அவருடைய பிலடெல்பியா வாரியர்ஸ் அணி சொந்த ஊரை விட்டு அங்கே போய் ஆடியதே நாலு புது ரசிகர்களைப் பிடிக்கத்தான். வந்தது 4,124 பேர். டிவி இல்லை, இன்றுவரை அந்த ஆட்டத்துக்குப் படச்சுருள் கிடையாது, கடைசிக் கால்பகுதியின் வானொலிப் பதிவு மட்டும் பிழைத்திருக்கிறது. எதிரே நியூயார்க் நிக்ஸ். சேம்பர்லின் முதல் கால்பகுதியில் 23, பாதி ஆட்டத்தில் 41, மூன்றாவது முடிவில் 69, கடைசியில் 100. ஆட்டம் 169க்கு 147. கடைசி நிமிடங்களில் நிக்ஸ்காரர்கள் பந்து அவர் கைக்குப் போகாமலிருக்க மற்றவர்களைப் பிடித்துப் பிடித்து ஃபவுல் செய்திருக்கிறார்கள். பதிலுக்கு இவர்களும் ஃபவுல் செய்து பந்தை வாங்கியிருக்கிறார்கள். தெருமுனை ஆட்டம் கெட்டது போ.

இதெல்லாம் உனக்கும் தெரியும். உனக்குத் தெரியாத ஒரு மனுஷன் அங்கே இருந்தார்: ஹார்வி போலக். அணியின் செய்தித்தொடர்பாளரும் அவரே, புள்ளிவிவரம் எழுதியவரும் அவரே. அது போதாதென்று அன்றிரவு பிலடெல்பியா நாளிதழுக்கும் இரண்டு செய்தி நிறுவனங்களுக்கும் நிருபரும் அவரே. ஆட்டம் முடிந்ததும் ஒரு தாளில் ‘100’ என்று எழுதி சேம்பர்லின் கையில் கொடுத்தார். அவர் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கும் படத்தை நீ நூறு தடவை பார்த்திருப்பாய். அந்த முகத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு அந்தக் கையெழுத்து. நம் ஜாதிக்காரர் எழுதியது, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த ஜாதி.

சரி, அன்றைய பொட்டுக் கணக்கு: 32 ஃப்ரீ த்ரோவில் 28. இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழ்நாள் முழுக்க ஃப்ரீ த்ரோவில் நூற்றுக்கு 51 போட்டவர் அவர். பிறகு ஒரு வருஷம் நூற்றுக்கு 38 வரை இறங்கியிருக்கிறார். அந்த 1961-62 பருவத்தில் மட்டும் 61. என்ன மாயம்? அந்த வருஷம் பந்தைக் கீழிருந்து வீசினார். இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, முழங்காலை மடக்கி, தொடைக்கு நடுவிலிருந்து மேலே விடுவது. கிணற்றிலிருந்து வாளியைத் தூக்கி ஊற்றுகிறமாதிரி இருக்கும் பார்க்க. பந்து சுற்றிக்கொண்டே மெத்தென்று ரிங்கில் இறங்கும். ஆட்டத்துக்குச் சராசரி 50.4 பாயின்ட், மொத்தம் 4,029 என்று யாரும் இன்றுவரை கிட்டே நெருங்காத அந்த வருஷத்துக்கு இந்தக் கிணற்றடி வீச்சும் ஒரு காரணம்.

அப்புறம் விட்டுவிட்டார். ஏழடி ஓரங்குல ஆள், ஊரே அண்ணாந்து பார்க்கிற ஆள், பெண்பிள்ளைபோல எறிவதாகக் கூச்சமாக இருந்ததாம். தான் செய்தது தப்பு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்பது அவ்வளவு உயரத்துக்கும் ஏறி வருகிறது பார்.

ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். வாழ்நாளில் 11,862 ஃப்ரீ த்ரோ எடுத்து 6,057 போட்டார். மொத்தப் பாயின்ட் 31,419. அந்த ஒரு வருஷ விகிதத்தை மட்டும் கடைசிவரை காப்பாற்றியிருந்தால் கூடுதலாக 1,200க்கு மேல் வரும், மைக்கேல் ஜோர்டனின் 32,292ஐத் தாண்டியிருப்பார். நூற்றுக்கு 90 போட்டிருந்தால் 36,000. கோபி பிரையன்டின் 33,643 எங்கேயோ கீழே நின்றிருக்கும்.

நூற்றுக்கு 90 யாருக்கு வரும் என்கிறாயா? வந்தது. ரிக் பேரி. அப்பா கற்றுக்கொடுத்த கீழ்வீச்சு. முதலில் பையனும் கூச்சப்பட்டிருக்கிறான், ஆனால் ஒருதரம் பழகியபின் விடவே இல்லை. எவன் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று ஏறக்குறைய 90 விகிதத்தில் ஓய்வு பெற்றார். இதில் வேடிக்கை என்னவென்றால், 1960 முதல் 1966 வரை ஏழு வருஷம் தொடர்ந்து பாயின்ட் பட்டியலில் முதலிடத்தில் இருந்த சேம்பர்லினிடமிருந்து 1967இல் அந்த இடத்தைப் பறித்தது இந்த பேரிதான், சராசரி 35.6. அதே வருஷம் சேம்பர்லின் 24க்கு இறங்கி, பந்தை மற்றவர்களுக்குக் கொடுத்து ஆடி, இறுதியில் பேரியின் அணியையே நாலுக்கு இரண்டு என்று தோற்கடித்து முதல் கோப்பையை வாங்கினார். யார் ஜெயித்தார்கள் என்று நீயே சொல், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காது விஷயம். மே மாதம் இருபத்தெட்டாயிரம் கொடுத்து மெஷின் வாங்கினேன். பட்டாணி அளவுதான். ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னிடம் பேசாமல் என் காதோடு பேசினார், கத்திக் கத்தி. அன்றைக்குக் கழற்றி பீரோவில் வைத்தது. கமலா ஒன்றும் சொல்வதில்லை, டிவி சத்தத்தை மட்டும் நான் கூட்டக் கூட்ட அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். உன் குரல் பதிவை அவள்தான் எனக்குச் சொன்னாள் என்றேனே, அதில் நீ உன் ஆஸ்பத்திரி சமாசாரம் சொல்லியிருந்த இடத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சொன்னாள். அது அவள் வாயால் எனக்கு வர வேண்டிய செய்தி இல்லை சேகர். ரிப்போர்ட் வந்ததும் எழுது, மறைக்காதே.

இனி வாழ்நாள் பாயின்ட்டுகளின் பெரிய பட்டியல். மேலே நிற்கிற மூன்று பேரைப் பார்: லெப்ரான் ஜேம்ஸ், கரீம் அப்துல்-ஜப்பார், கார்ல் மலோன். லெப்ரான் ஒரே ஒரு வருஷம்தான் பருவத்தின் முதல் ஆளாக வந்தார், 2008இல். கரீம் இரண்டு தடவை. மலோன் ஒருதரம்கூட இல்லை, ஆனாலும் 36,928. பொட்டுக் கணக்கில் அவர்தான் சக்கரவர்த்தி, 9,787 ஃப்ரீ த்ரோ. இந்தப் பக்கம் ஜோர்டன் 10, சேம்பர்லின் 7 என்று பருவ முதலிடத்தை அள்ளியவர்கள் மொத்தக் கணக்கில் கீழே நிற்கிறார்கள். வருஷம் ஒருதரம் வெள்ளம் வருகிற ஆறு வேறு, கோடையிலும் ஓடுகிற ஆறு வேறு.

பருவ முதலிடத்துக்காக மனுஷர்கள் பட்ட பாட்டுக்கு 1978 ஏப்ரல் 9ஐச் சொல்வேன். கடைசி நாள் ஆட்டம். மத்தியானம் டென்வரின் டேவிட் தாம்சன் முதல் கால்பகுதியில் மட்டும் 32 எடுத்து சேம்பர்லினின் 31ஐ முறித்து, மொத்தம் 73 போட்டு முடித்தார். சான் அன்டோனியோவின் ஜார்ஜ் கெர்வினுக்கு அன்றிரவு 58 தேவை. அவர் ஒரே கால்பகுதியில் 33 எடுத்து, தாம்சன் சாதனையை அன்றைக்கே முறித்து, 63இல் நின்றார். கடைசியில் பருவச் சராசரி கெர்வினுக்கு 27.22, தாம்சனுக்கு 27.15. எழுதுகிறவன் ஒரு கோட்டைத் தவறவிட்டிருந்தால்? நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது. இரண்டு பேருடைய அணியும் அன்றைக்குத் தோற்றன, அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

உன் கேள்விக்கு என் ஓட்டு கரீமுக்கு. லெப்ரான் என்று உன் பேத்தி சண்டைக்கு வருவாள். 2023 பிப்ரவரி 7இல் ஓக்லஹோமாவுக்கு எதிராக மூன்றாம் கால்பகுதி முடிகிற நேரத்தில் பின்னால் சாய்ந்தபடி ஒரு ஷாட் போட்டுத்தான் கரீமின் 38,387ஐக் கடந்தார், கரீம் கோட்டோரம் இருந்து பார்த்தார். 2024இல் 40,000 தாண்டினார். மறுக்கவில்லை. ஆனால் கரீமின் முதலிடம் கிட்டத்தட்ட 39 வருஷம் அசையாமல் நின்றது. அவர் மூன்று பாயின்ட் ஷாட் போட்டது வாழ்நாளில் ஒன்றே ஒன்று!

எனக்குப் பிடித்தது அவருடைய ஸ்கைஹுக். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலை ஊன்றி மறு முழங்காலைத் தூக்கி, கையை முழுசாக நீட்டி உச்சந்தலைக்கு மேலிருந்து பந்தை உருட்டி விடுவார். கல்லூரியில் அவர் ஆடிய காலத்தில், 1967இல், டங்க் அடிக்கவே, அதாவது எம்பிப் பந்தை ரிங்குக்குள் திணிக்கவே, தடை போட்டார்கள். இந்த ஷாட்டை அவர் மேலும் தீட்டிக்கொண்டார். 1984 ஏப்ரல் 5இல் லாஸ் வேகாசில் மேஜிக் ஜான்சன் பந்தைக் கொடுக்க, ஏழடி நாலங்குல மார்க் ஈட்டனின் கைக்கு மேலே அதே ஸ்கைஹுக்கைப் போட்டுத்தான் சேம்பர்லினைக் கடந்தார். 20 பருவம், 42 வயதுவரை அதே ஷாட். அதைத் தடுக்கவும் ஆள் இல்லை, பழகிக்கொள்ளவும் ஆள் வரவில்லை. இன்றைய பையன்களைக் கேட்டால் தாத்தா ஷாட் என்கிறார்கள். தாத்தாவுக்குத்தான் என் ஓட்டு, வேறு யாருக்குப் போடுவேன்?

தீபாவளிக்கு வருகிறாய் அல்லவா? கமலா மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறாள்.

உன்,
ராகவன்

பி.கு. நேற்று மாலை மாநகராட்சி மைதானத்துக்குப் போனேன். பையன்கள் தண்ணீர் குடிக்க ஒதுங்கிய நேரத்தில் பந்தை எடுத்துக் கோட்டில் நின்று கீழிருந்து வீசினேன். இருபதில் ஒன்பது. முதல் ஆறும் போர்டைக்கூடத் தொடவில்லை என்பதைச் சேர்த்துக் கணக்குப் பார். பின்னால் பையன்கள் சிரித்தார்களா என்று கேட்காதே, மெஷின் பீரோவில் இருந்தது.