மூன்றாவது அறைக்கு அந்தப் பலகை வேண்டாம்

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். போனில் சொன்னால் "சரிப்பா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வீட்டில் படுத்த இரண்டு இரவும் எனக்குக் கண் எரிந்தது. தூக்கம் போதாததால் என்றாள் அம்மா. தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் டிரஸ்ஸராக இருந்தவனுக்கு பார்மலின் வாடை தெரியாதா? பார்மல்டிஹைடு வாயுவைக் கரைத்த மருந்துத் தண்ணீர்தானே அது. அந்த வாடை இரண்டு அறையில் நீ புதிதாகப் போட்ட லேமினேட் பலகைத் தரையிலிருந்துதான் வருகிறது.

லேமினேட் முழு மரம் இல்லையம்மா. மரத்தை நாராக்கி, யூரியா பார்மல்டிஹைடு பசை கலந்து, சூட்டில் அழுத்திய பலகை. மேலே மரம் மாதிரி அச்சடித்த தாள். நம் மலேசியாவில் இந்த நாருக்கு அதிகம் போவது ரப்பர் மரம். உன் பாட்டி சீவிய பால்மரங்களை, பால் குறைந்ததும் சாய்த்து லாரியில் ஏற்றினார்களே, அந்த மாதிரி மரம். மரத்தின் மேல் குற்றமில்லை. பசைதான் மாதக்கணக்கில், சில பலகையில் வருடக்கணக்கில், பார்மல்டிஹைடை விட்டுக்கொண்டே இருக்கும். சூடும் ஈரமும் கூடினால் இன்னும் அதிகம். நீயோ சன்னலைச் சாத்திவிட்டு ஏர்கோன் போடுகிறாய். அது உள்ளே இருக்கிற காற்றையேதான் சுற்றிவிடும்.

2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பார்மல்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. வீட்டில் முதலில் தெரிவது கண், மூக்கு, தொண்டை எரிச்சல்தான். உலக சுகாதார நிறுவனம் வீட்டுக் காற்றில் இதற்கு வைத்த வரம்பு ஒரு கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராம். பேரன் நாள் முழுக்க அந்தத் தரையில்தான் தவழ்கிறான். நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிற பிள்ளை.

மூன்றாவது அறையில் இருக்கும் டைல்ஸ் அப்படியே இருக்கட்டும். சுட்ட மண், வாடையே கிடையாது. நீ தவழ்ந்ததும் நம் குவார்ட்டர்ஸின் சிவப்புச் சிமெண்டுத் தரையில்தான். குளிர்ந்தால் பாய் விரி. கார்ப்பெட் போடாதே, தூசி சேரும். சின்ன வயதில் உனக்கு மூச்சிழுப்பு இருந்தது. பலகைதான் வேண்டும் என்றால், பார்மல்டிஹைடு மிகக் குறைவாக விடும் 'ஈ-0' தரம் கேள். கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, சோதனைத் தாளைக் காட்டச் சொல்.

போட்டுவிட்ட இரண்டு அறையிலும் காலை மாலை எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வை. வாடை போகும்வரை பேரன் டைல்ஸ் அறையில் படுக்கட்டும்.

முன்பணம் போனால் போகட்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல். பாதியை நான் தருகிறேன். வெள்ளிக்கிழமை மூன்றாவது அறைக்குப் பலகை போட ஆள் வருவதற்குள் போன் பண்ணு.

அப்பா