கோவிட் வந்தால் ஆஸ்துமா பம்ப்பை நிறுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்துமா உள்ளவருக்குக் கோவிட்-19 முற்றினால் பிழைப்பது அரிது, ஸ்டீராய்டு பம்ப் எதிர்ப்புச் சக்தியைக் கெடுத்துவிடும் என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. முதல் பாதி பெரும்பாலும் தவறு. இரண்டாம் பாதியை நம்பிப் பம்ப்பை நிறுத்தினால் ஆபத்து.

இங்கிலாந்தில் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. வயது, உடல் பருமன், நீரிழிவு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தபோது, அண்மையில் ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படாத ஆஸ்துமா நோயாளிகள் கோவிட்டால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருந்த அளவே இருந்தது. மாத்திரை தேவைப்பட்டவர்களுக்கு அது 13 விழுக்காடு கூடியது. ஆகவே, ஆஸ்துமா உண்டா என்று கேட்பதைவிட, கடந்த ஓராண்டில் எத்தனை முறை பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்க நேர்ந்தது என்று கேட்பதே பயனுள்ளது. பல்லாண்டு புகைபிடித்த பெரியவருக்கு வரும் மூச்சுத்திணறல் பெரும்பாலும் சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அதையும் ஆஸ்துமா என்று எண்ணி ஆறுதல் அடைய வேண்டாம். கோவிட்டில் அவர்கள் நிலை மோசம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆஸ்துமா வேறு வகையில் தொல்லை தரும். கோவிட்டால் நுரையீரல் விறைத்துப்போனவருக்கு வென்டிலேட்டர் சிறு சிறு மூச்சாக, வேகமாகக் கொடுக்கும். ஒரு மூச்சின் அளவு, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர். 170 சென்டிமீட்டர் உயர ஆணுக்கு ஏறத்தாழ 400 மில்லிலிட்டர். அளவு குறைவதால் நிமிடத்திற்கு 30 மூச்சு வரை வைக்க நேரும். அப்போது ஒரு மூச்சுக்குக் கிடைப்பது 2 நொடி. இழுக்க 1 நொடி போனால் விட 1 நொடிதான். மூச்சுக்குழாய் சுருங்கிய ஆஸ்துமா நோயாளிக்கு அந்த நேரம் போதாது. விடாத காற்று ஒவ்வொரு மூச்சிலும் நெஞ்சுக்குள் தேங்கி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைத் தடுக்கும். இரத்த அழுத்தம் விழும், நுரையீரல் கிழியவும் கூடும். நிமிடத்திற்கு 12 ஆகக் குறைத்தால் விட 4 நொடி கிடைக்கும், ஆனால் இரத்தத்தில் கார்பன்-டை-ஆக்சைடு ஏறும். இந்த இழுபறியில் ஓரளவு ஏற்றத்தைப் பொறுத்துக்கொண்டு, வெளிமூச்சு முழுமையாக முடிகிறதா என்று திரையில் பார்த்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்டீராய்டு மீதான அச்சத்துக்கும் பதில் உண்டு. 2020-இல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை 10 நாள்வரை கொடுத்ததில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது. அது 40 மில்லிகிராம் பிரட்னிசோலோனுக்குச் சமம். கடும் ஆஸ்துமாவுக்கும் அதே அளவில்தான் தருகிறோம். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் தெரியவில்லை. எனவே வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைத் தாமாக விழுங்க வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். தடுப்புப் பம்ப்பை, அதாவது நாள்தோறும் எடுக்கும் ஸ்டீராய்டு பம்ப்பை, காய்ச்சல் நாளிலும் வழக்கம்போல் எடுங்கள், பிறகு வாயைக் கொப்பளியுங்கள். மருந்தகத்தில் உடனடி நிவாரணம் தரும் நீலப் பம்ப்பை மட்டும் வாங்கிக் காலம் தள்ளுவோர் இங்கு நிறையப் பேர். 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டி அதைப் பரிந்துரைப்பதில்லை. இழுப்பு வந்தால், மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் நெபுலைசரைவிட, நீலப் பம்ப்பில் மாட்டி மூச்சிழுக்கும் குடுவையான ஸ்பேசர் நல்லது. நெபுலைசர் கிருமியை அறையெங்கும் பரப்பக்கூடும். பம்ப்பைக் குலுக்கி ஒரு முறை அழுத்தி, நிதானமாக 4 முதல் 6 மூச்சு இழுத்துவிட்டு, பிறகே அடுத்தது. பல முறை சேர்த்து அழுத்தினால் மருந்து ஸ்பேசரின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களுக்கு இப்படி 4 அழுத்தம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை மீண்டும் தரலாம். மூன்றாம் சுற்றிலும் அடங்காவிட்டால், ஏன், அதற்குள் பேச்சே தடுமாறினால், 999-ஐ அழையுங்கள்.

கிளினிக்கில் பாக்ஸ்லோவிட் என்ற கோவிட் மாத்திரை எழுதிக் கொடுத்தால் உங்கள் பம்ப்பை எடுத்துக் காட்டுங்கள். அதிலுள்ள ரிட்டோனாவிர், ஊதாப் பம்ப்பில் இருக்கும் சால்மெட்டராலை உடலில் தேங்க வைத்து இதயத் துடிப்பைக் கெடுக்கலாம். அந்த 5 நாளுக்கு மாற்று மருந்து கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர், கருநிறத் தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி தவறவிட்ட ஆக்சிஜன் குறைவு வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு. நம்மில் பலர் இதைக் கவனிக்க வேண்டும். நகப்பூச்சை அழித்து, கையைச் சூடாக்கி, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். 95 விழுக்காட்டுக்குக் கீழே போனாலோ, கருவி 96 காட்டும்போதே மூச்சு வாங்கினாலோ, மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

இப்படிக்கு,
சுவாச சிகிச்சைப் பணியாளர்கள் சிலர்,
செந்தூல், கோலாலம்பூர்