பேக்கப் தாமதம்: டிஸ்க்கையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

டேட்டாபேஸ் பேக்கப் இழுத்துக்கொண்டே போனால் பலரும் நெட்வொர்க்கைத்தான் குறை சொல்கிறார்கள். கோப்புகளில் மாறிய பகுதியை மட்டும் மறுமுனைக்கு அனுப்பும் நிரலான ஆர்சிங்க் (rsync) ஓடும்போது, டிஸ்க்கின் வேலைச்சுமையைக் காட்டும் ஐயோஸ்டாட் (iostat) கட்டளையைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க்கின் காத்திருப்பு நேரம் ஏறி நின்றால் கோளாறு அங்கேதான். 200 ஜிபி கோப்பில் சில எம்பி மாறியிருந்தாலும், மாற்றத்தைக் கண்டுபிடிக்க இரு முனையிலும் முழுக் கோப்பும் படிக்கப்படுகிறது. பெறும் முனையில் புதிய நகலும் எழுதப்படுகிறது. நெட்வொர்க் டிஸ்க்கைவிட வேகமாக இருந்தால் கோப்பை முழுதாக அனுப்பச் சொல்லும் 'ஹோல்-ஃபைல்' (--whole-file) என்ற ஆர்சிங்க் விருப்பத்தைக் கொடுத்து அந்த ஒப்பீட்டையே தவிர்க்கலாம். புதிய நகல் எடுக்காமல் பழைய கோப்பின் மேலேயே எழுதும் 'இன்பிளேஸ்' (--inplace) விருப்பம் எழுதும் சுமையைக் குறைக்கும். ஆனால் நடுவில் அறுந்தால் பழைய நகலும் கெட்டுவிடும்.

டம்ப்பை (டேட்டாபேஸின் உள்ளடக்கத்தைக் கோப்பாக எடுத்த நகல்) ஜிஸிப் (gzip) நிரலால் சுருக்கினால், அதன் 'ஆர்சிங்கபிள்' (--rsyncable) விருப்பம் அவசியம். இல்லாவிட்டால் தொடக்கத்தில் ஒரு வரி மாறினாலும் சுருக்கிய கோப்பில் அதற்குப் பின்னுள்ளதெல்லாம் ஆர்சிங்க்குக்குப் புதிதாகவே தெரியும்.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே நகலெடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். டம்ப் எடுத்து அனுப்புங்கள்.

- ஒரு டேட்டாபேஸ் நிர்வாகி