சனி சோதனை ஓட்டம், ஞாயிறு பந்தயம்

நண்பர்களே, சனிக்கிழமை முழுக்க சோதனை ஓட்டம்தான். சுற்று நேரத்தைக் குறைக்கிறேன் என்று யாரும் மல்லுக்கட்ட வேண்டாம். வண்டி ஞாயிறுக்கும் வேண்டுமே!

பிரேக் ஆயில் பழையதென்றால் இப்போதே மாற்றிவிடுங்கள். புதிய டாட் 4 (DOT 4) ரக பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்கும். ஈரம் உறிஞ்சியது 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். அப்புறம் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஓட்டத்தின் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விடுங்கள்.

டயர் அழுத்தத்தை ஓடுவதற்கு முன்பும், பிட்டுக்குள் (தடத்தோரம் வண்டியை நிறுத்திப் பார்க்கும் இடம்) வந்த சூட்டோடும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் ஆபத்து என்று மஞ்சள் கொடி காட்டினால் முந்தக் கூடாது, தெரிந்ததுதான்.

ஞாயிறு காலை தகுதிச்சுற்று, அடுத்து பந்தயம். வருபவர்கள் இன்றிரவுக்குள் சொல்லிவிடுங்கள்.