மஞ்சப்பை ரெக்கார்டு

சேரன்மகாதேவி,
ஐப்பசி.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. மழை இறங்கியதும் இங்கே காய்ச்சல் ஓபி எப்படி நிரம்பும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சீரியலை முன்னைவிடத் தெளிவாகத் திட்டுகிறாள். தங்கச்சி கேட்ட கருப்பட்டிக்கு உடன்குடியில் சொல்லிவைத்திருக்கிறேன். இப்போது சீசன் இல்லை, பழைய சரக்குதான் கிடைக்கும்.

வேல்ஸில் ஊர் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட்டைப் பற்றி நீ எழுதியிருந்ததை மறுபடி மறுபடி படித்தேன். வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினாரே, அதை நாம் ஹைகிரவுண்ட் மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டலில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. அவர் வேலை பார்த்த சுரங்க ஊர் உன் வீட்டிலிருந்து காரில் போய் வருகிற தூரம் என்று இப்போதுதான் தெரிகிறது. எனக்கு அந்தக் கட்டுரையைவிடப் பெரிதாகப் படுவது, இருமலுக்கு வந்தவன், காயத்துக்கு வந்தவன் என்று பார்க்காமல் ஊரில் எல்லோருக்கும் பி.பி. பார்த்து எழுதிவைத்தார் என்பதுதான். அதே ஊரில் வருஷக்கணக்காகக் குடியிருந்தவரால்தான் அது முடியும்.

இங்கே அந்த 'குடியிருப்பது'தான் சிக்கல். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற இளம் டாக்டர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் டேபிள் டிராயரில் ஸ்டெதஸ்கோப்புக்குப் பக்கத்திலேயே மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கான நீட் பி.ஜி. புத்தகம் இருக்கும். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு மாநில ஒதுக்கீட்டு பி.ஜி. இடங்களில் 50 சதவீதம் இருக்கிறது, போகட்டும், அதில் தப்பில்லை. அது இருப்பதால்தான் பல கிராமங்களுக்கு டாக்டரே வருகிறார். ஆனால் ஒருவர் ஊர்ப் பெயர்களைச் சரியாகச் சொல்லப் பழகும்போது ஆர்டர் வந்துவிடுகிறது. உங்கள் ஊரில் பொது மருத்துவத்துக்கே தனியாக மூன்று வருஷப் பயிற்சி, அதை முடித்தவனுக்கு ஒரு மரியாதை. இங்கே கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்ததும் பக்கத்து அண்ணாச்சி கேட்பார், "தம்பி எதுல ஸ்பெஷலிஸ்ட்?" எல்லாத்துலயும்தான் என்று சொல்லிவிட்டு அவியலைப் பார்ப்பேன்.

ஆள் வீடு மாறினால் அவன் கேஸ் ஷீட்டும் கூடவே புது டாக்டரிடம் போய்விடும் என்று எழுதியிருந்தாய். இங்கே ரெக்கார்டு ஜவுளிக்கடை மஞ்சப்பையில் இருக்கிறது. ஓபி சீட்டு, சுருண்ட இ.சி.ஜி., பத்து வருஷத்துக்கு முந்தைய ஸ்கேன், தீர்ந்துபோன மாத்திரை அட்டை, ரேஷன் கார்டு நகல், எல்லாம் ஒன்றாக. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றோர வீடுகளில் அந்தப் பைகளும் போய்விட்டன. தண்ணீர் வடிந்ததும் வரிசையாக வந்து நின்றார்கள்: "சுகர் மாத்திரைய்யா, வெள்ளையா நீளமா இருக்கும்." பாதி மாத்திரை வெள்ளையாகத்தான் இருக்கும்! எனக்கு முன்னாலிருந்தே இருக்கிற மருந்தாளுநர் அக்கா கை கொடுத்தார். முகத்தைப் பார்த்ததும், "இவருக்கு மெட்ஃபார்மின் ரெண்டு வேளை, கூட பிரஷருக்கு அம்லோடிபின்" என்றார். சொன்னதையெல்லாம் சுகரும் பிரஷரும் பார்த்துத்தான் எழுதினேன். எங்கேயும் இடிக்கவில்லை.

அவரைப் போலத்தான் கிராம சுகாதார செவிலியரும். முக்கூடல் பக்கத்து ஆச்சி ஒருத்தி, பீடி சுற்றுகிறவள். மடியில் முறம், கையில் கத்தரி, குனிந்த தலை நிமிராது. கழுத்து வலிக்கு ஊசி போடச் சொல்லி வந்தாள். பி.பி. 180/110. மாத்திரை ஒழுங்காக வாங்குகிறாள் என்று சீட்டு சொல்கிறது. புது டாக்டர் மருந்தைக் கூட்டி எழுதப்போனார். செவிலியர் உள்ளே வந்து, "சார், அவுக பாதியை மதினிக்குக் குடுத்துருதாவ" என்றார். ஆச்சி கொஞ்சமும் கூசவில்லை. "அவளுக்கும் பிரஷர்தானய்யா, பீடியை விட்டுட்டு வரிசைல நிக்க முடியலங்கா." மதினியையும் வரவழைத்துத் தனிச் சீட்டு போட்டோம். ஆச்சிக்கு மருந்தைக் கூட்டவே தேவைப்படவில்லை, முழு மாத்திரை போட்டதும் இறங்கிவிட்டது. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர் பெண்கள் வீட்டுக்கே போய் பி.பி. பார்த்து மாத்திரை தருகிறார்கள், பெரிய உபகாரம். பீடிக்காரிகளுக்கு ஒரு நாள் கூலி மிச்சம். ஆனாலும் வீட்டுக்கு வந்த மாத்திரை யார் வாய்க்குள் போகிறது என்று கேட்க ஒரு பழகிய ஆள் வேண்டியிருக்கிறது.

பாம்புக்கடி பற்றிக் கேட்டிருந்தாய். போன மாதம் இரவில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவரைத் தூக்கி வந்தார்கள். காலில் கயிற்றுக்கட்டு, பாம்பை யாரும் பார்க்கவில்லை. (சில பேர் அடித்துக் கேரி பேக்கில் கொண்டுவருவார்கள். நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் பொதுவானதுதான் என்று சொன்னாலும் கேட்பதில்லை.) நரம்பிலிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் இருபது நிமிஷம் வைத்தோம். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், புதிதாகவும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலும், சோப்புப் போட்டுக் கழுவியதிலும் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கலாம். அதற்காகவே எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் பிஸ்கட் டின்னில் புதுக் குழாய்களைப் பூட்டிவைத்திருக்கிறார்.

அந்த இருபது நிமிஷம் இருக்கிறதே, வெளியே சொந்தக்காரர்கள் "ஹைகிரவுண்டுக்கு அனுப்புங்க, இங்க வச்சு என்ன செய்யுதீங்க" என்று கதவைத் தட்டுகிறார்கள். சாய்த்துப் பார்த்தால் ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடுகிறது, விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அலர்ஜி வந்தால் போட அட்ரினலினை சிரிஞ்சில் எடுத்து வைத்துக்கொண்டு, சலைனில் பத்து குப்பி விஷமுறிவு மருந்து கலந்து ஏற்றினோம். காலில் இருந்த கயிற்றுக்கட்டை, மருந்து ஓட ஆரம்பித்த பிறகுதான் மெல்லத் தளர்த்தினோம். முழுதும் இறங்கிய பிறகு 108-ல் ஏற்றினோம். பிழைத்துவிட்டார், சிறுநீரகத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. அலர்ஜி வந்தால் அடி விழும் என்று பயந்து, ஊசியே போடாமல் அனுப்பிவிடுகிற பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. விஷம் ஆம்புலன்ஸிலும் வேலை செய்துகொண்டுதானே இருக்கும்? முதல் டோஸ் போட வேண்டிய இடம் எங்கள் மாதிரி இடம்தான். இதைப் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகவாவது நான் இங்கே கிடக்கலாம் என்று தோன்றுகிறது.

அப்புறம், நீ கேட்டதற்குப் பதில்: இல்லை, பி.ஜி.க்கு இனி போவதாக இல்லை. வீட்டில் பேசியாயிற்று. டிரான்ஸ்ஃபர் வந்தால் பார்த்துக்கொள்வோம்.

ஜனவரியில் வரும்போது ஒரு உதவி. பி.பி. பார்க்கக் கையில் சுற்றுகிற கஃப், சின்ன சைஸில் மூன்று நாலு வாங்கி வா. பீடிக்காரிகளுக்குக் கை குச்சியாக இருக்கிறது. சாதாரண கஃப் பெரிதாகி, பி.பி.யைக் குறைத்துக் காட்டுகிறது. ஆர்டர் போடுமுன் எங்கள் மெஷினுக்கு டியூப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போட்டோ அனுப்புகிறேன். செவ்வாயும் புதனும் இந்தப் பக்கம் வராதே, கர்ப்பிணி கிளினிக்கும் தடுப்பூசியும் இருக்கும், உன்னிடம் பேசவே முடியாது.

உன்,
பழைய ரூம்மேட்